பதினோராவது தும்மலில் இறங்க வேண்டும்

எனக்கு வம்பு பேசும் பழக்கம் கிடையாது. இரண்டாம் மாடியில் குடியிருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை. மேலே ஏறுகிறவர்களும் கீழே இறங்குகிறவர்களும் என் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வாசலில் நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். தினமும் காலையில் என் தங்கையோடு நாலு வார்த்தை பேசுவதற்காக நான் அங்கே நிற்கிறேன். நிற்கும்போது கண்ணை மூடிக்கொள்ள முடியுமா?

அதனால்தான், நான்காம் மாடிக்கு அந்தக் குடும்பம் வந்த அன்று, பீரோ மேலே போய்ச் சேருவதற்குள் பாதி விவரம் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ஒரு பல் டாக்டரிடம் உதவியாளர். அப்பா லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர், மாதத்துக்கு இரண்டு முறை தலை காட்டுவார். ஒரே பெண், எட்டு வயது. அந்தப் பெண் தலையில் பெரிய நீலக் காதுமூடி ஒன்றை மாட்டியிருந்தாள். ரோட்டை உடைக்கிற ஆட்கள் மாட்டிக்கொள்வார்களே, அது. பார்க்க ஹெலிகாப்டர் ஓட்ட வந்தவள் மாதிரி இருந்தாள். பைலட் என்று பெயர் வைத்தவள் நான்தான். ஒரு வாரத்தில் அந்தப் பெயர் கட்டடம் முழுக்கப் பரவி, கடைசியில் அவளும் வீட்டில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டாளாம்.

மீதிப் பாதி விவரத்துக்கு நான் ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் ஸ்கூல் வேன் கீழே வந்து ‘பேங்’ என்று ஒரு ஹாரன் அடித்தது. கேட் அருகே நின்ற பைலட் அப்படியே தரையில் உட்கார்ந்து அலறினாள். அது பிடிவாத அழுகை இல்லை. சூடுபட்டவர் அலறுவது போல இருந்தது. இருபது நிமிஷம் கழித்து வேன் ஏறிவிட்டாள். சாயங்காலம் நான் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் மேலே போனேன். என் வீட்டில் இரண்டு கிலோ இருந்தது, அது வேறு விஷயம்.

பைலட்டின் அம்மா கால் மணி நேரம் பொறுமையாகச் சொன்னாள். பெண்ணுக்கு ஆட்டிசம். நமக்குக் கொசு கடித்த மாதிரி இருக்கிற விஷயம் அவளுக்குத் தேள் கொட்டிய மாதிரி இருக்கும். சட்டைக் காலரின் லேபிள் கழுத்தை அறுக்கும். மினுக்குகிற விளக்கு கண்ணுக்குள் ஊசி ஏற்றும். சொல்லாமல் கொள்ளாமல் வருகிற சத்தம் என்றால் உடம்பே உதறிப்போகும். அதே பெண்ணுக்கு வாஷிங்மெஷின் கடைசிச் சுற்று சுற்றும்போது அதன்மேல் கன்னத்தை வைத்துக்கொள்ளப் பிடிக்கும். இது மூன்றாவது ஸ்கூல். ஒரு மாதம் பார்க்கிறோம் என்று சொல்லித்தான் சேர்த்திருக்கிறார்கள். மூன்று நாள் வராவிட்டால் பொறுத்துக்கொள்வார்களாம். நாலாவது நாள் வராவிட்டால் இடம் வரிசையில் நிற்கிற அடுத்த குழந்தைக்குப் போய்விடும்.

கால் மணி நேரம் கேட்டதை நான் முதல் மாடித் தையற்காரம்மாவிடம் கால் நிமிஷத்தில் சொன்னேன். “பாவம், அந்தப் புள்ளைக்குச் சத்தமே ஆகாதாம்.” சுருக்கிச் சொல்வது ஒரு கலை. அந்தக் கலைதான் எங்கள் எல்லோருக்கும் வினையாக வந்தது.

தையற்காரம்மா கீழ்த்தளத்துச் செயலாளரிடம் சொன்னாள். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் பத்தொன்பது வருஷமாக அவர்தான். பதவியை விடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, வேறு யாருக்கும் அது வேண்டவும் வேண்டாம். அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அறிக்கை எழுத விஷயம் கிடைக்காமல் வாடிக்கொண்டிருந்த மனுஷருக்கு, வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்த கதையானது. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே அவசரக் கூட்டம். நான்காம் மாடியை மட்டும் கூப்பிடவில்லை. அவர்கள் மனசு புண்படுமாம். காதும் காதும் வைத்த மாதிரி உதவி செய்ய வேண்டுமாம்.

ராத்திரிக்குள் நான்காம் மாடி தவிர எல்லார் கதவிடுக்கிலும் அறிக்கை. ‘காலை ஏழு முதல் எட்டரை வரை இக்கட்டடத்தில் பூரண அமைதி காக்கப்படும். தும்மல் வரின் தலையணையில் தும்மவும். தையல் இயந்திரம் பின்னறையில் மெத்தையின் மீது வைத்து இயக்கப்படும். கேட்டுக்கு எண்ணெய் இடப்படும். இரண்டாம் மாடி வாசலில் தொலைபேசி உரையாடல் கூடாது.’ கடைசி வரிக்குக் கீழே இரட்டைக் கோடு. மற்ற வரிகளுக்கு ஒற்றைக் கோடுகூட இல்லை. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றுவரை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

தும்மல் வரி யாருக்கு என்று சொல்ல வேண்டும். மூன்றாம் மாடியில் ஒருவர் இருக்கிறார், மருந்துக்கடையில் வேலை. தினமும் காலை ஏழு நாற்பதுக்கு வாசலில் உட்கார்ந்து ஷூவை பிரஷ் போட்டுத் தேய்ப்பார். தேய்த்தவுடன் தும்முவார். பதினொரு தும்மல். பத்தும் கிடையாது, பன்னிரண்டும் கிடையாது. அவருக்கு நாங்கள் வைத்த பெயரே பதினொன்று. அறிக்கையைப் பார்த்ததும் நல்ல மனுஷர், கடையிலிருந்து தும்மலுக்கான மாத்திரையை எடுத்து வந்து, ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுக்கொண்டார். மூன்று நாள் தும்மவில்லை. சரியாக விழிக்கவும் இல்லை.

புதன்கிழமை காலை கட்டடம் ஆள் இல்லாத வீடு மாதிரி இருந்தது. கேட் திறந்தது கேட்கவில்லை. தையல் மெஷின் கேட்கவில்லை. நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றேன். தங்கை நாலு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் காபியை உறிஞ்சியபடி, தன் காதில் இருபது வருஷமாக இருந்த இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டதாகவும், இந்தச் செயலாளருக்குச் சிலை வைக்க வேண்டும் என்றும் சொன்னார். சிலைக்குப் பக்கத்தில் உங்களையும் நிற்க வைக்கிறேன் என்று சொல்ல வந்தேன், எட்டரை ஆக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அன்று பைலட் இறங்கவில்லை.

நான்காம் மாடிப் படியின் உச்சியில் வந்து நின்றாள். ஒரு காதுமூடியைத் தூக்கிக் கேட்டாள். பிறகு உட்கார்ந்தாள். அம்மா என்ன சொல்லியும் எழுந்திருக்கவில்லை. எட்டு வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்க முடியுமா? தூக்கினால் விலாங்கு மீன் மாதிரி நழுவினாள். ஏழு ஐம்பதுக்கு வேன் போய்விட்டது. வியாழனும் அதே கதை. நாங்கள் சத்தம் இன்னும் போதிய அளவு குறையவில்லை என்று முடிவு செய்து, வெள்ளிக்கிழமை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். செயலாளர் சாவிக்கொத்தைச் சாக்ஸுக்குள் போட்டுக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை பைலட் படியின் உச்சிக்குக்கூட வரவில்லை.

மூன்று நாள் ஆகிவிட்டது. மிச்சம் ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை வேன் ஏறாவிட்டால் மூன்றாவது ஸ்கூலும் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் சர்க்கரை டம்ளரைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மேலே போனேன். பைலட்டின் அம்மா கதவைத் திறந்து, டம்ளரை வாங்கிக்கொண்டு, உள்ளே கூப்பிடாமல் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

“எங்க மேல எல்லாருக்கும் என்ன கோவம்க்கா?” என்றாள். “காலி பண்ணச் சொன்னா பண்ணிடறோம். அதுக்காக யாரும் வாயைத் தொறக்காம, செருப்புச் சத்தம்கூட இல்லாம, பேய் மாதிரி ஒதுங்கி ஒதுங்கிப் போனா எப்படி?”

அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். மெத்தை, மாத்திரை, சாக்ஸ், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே கதவு நிலையில் சாய்ந்தாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரிப்பு. பாதிதான் சிரிப்பு, மீதி என்ன என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. என்னை உள்ளே இழுத்துப் போய்ச் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நீளத் தாளைக் காட்டினாள்.

பைலட் வரைந்த படம். மேலிருந்து கீழே படிகள். மூன்றாம் மாடியில் ஒரு மூக்கு, பக்கத்தில் பதினொரு புள்ளிகள். இரண்டாம் மாடியில் ஒரு வாய். அதற்கும் கீழே தையல் மெஷினின் சக்கரம். கடைசியில் கேட். அதன் மேல் பல்லைக் கூசவைக்கிற மாதிரி ஒரு கோணல்மாணல் கோடு.

அந்த வாயைப் பற்றி ஒரு வார்த்தை. மூக்கு சின்னது, சக்கரம் சின்னது. வாய் மட்டும் ஒரு மாடி முழுக்க. உள்ளே முப்பத்திரண்டு பல்.

“இது யாரு?” என்றேன், தெரியாத மாதிரி.

“நீங்கதான்க்கா. இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் அவ இறங்குவா. மூணாவது மாடியில பதினோரு தும்மல் முடிஞ்சா முதல் படி. அப்புறம் உங்க பேச்சு. முதல் மாடியில அந்த ட்யூப்லைட் மினுக்குதுல்ல, அங்க கண்ணை மூடிக்குவா, மெஷின் சத்தத்தை வச்சுத்தான் திரும்புவா. கடைசியா கேட் கிறீச்சுன்னா வெளியே வந்தாச்சு. தினமும் வர்ற சத்தம் அவளுக்குச் சத்தமே இல்ல, அது கைப்பிடி மாதிரி. நீங்க எல்லாரும் சேர்ந்து மூணு நாளா கைப்பிடியைக் கழட்டிட்டீங்க.”

அப்போது பைலட் உள்ளறையிலிருந்து வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் வாயைப் பார்த்தாள். ஸ்கூல் ஆடையை உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பிப் போட்டிருந்தாள். தையல் மடிப்பு உடம்பில் படாமல் இருக்கத்தானாம். ஞாயிற்றுக்கிழமைகூட ஸ்கூல் ஆடையா என்று கேட்டேன். புதன்கிழமையிலிருந்து அதைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள் என்றாள் அம்மா. போக வேண்டும் என்றுதான் இருக்கிறாள், இறங்கத்தான் வழி இல்லை. அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

வாசலுக்கு வந்ததும் கேட்டேன், நாங்கள் உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டுமென்றால் என்ன செய்யலாம் என்று. வேன்காரர் ஹாரன் அடிக்காமல் இருந்தால் போதும் என்றாள். அந்த ட்யூப்லைட்டை மாற்றினால் புண்ணியம் என்றாள். அதற்காகச் செயலாளருக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். மனுஷர் அறிக்கை எழுதுவதில் கில்லாடி. படிப்பதில் அவ்வளவு ஆர்வம் இல்லை.

சாயங்காலம் இரண்டாவது அவசரக் கூட்டம். இந்தத் தடவை பைலட்டின் அம்மாவும் வந்தாள். செயலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தலையைக் குனிந்து, தானே போய் ஸ்டூல் போட்டு ஏறி ட்யூப்லைட்டை மாற்றினார். எட்டு மாதமாக மினுக்கியது எட்டு நிமிஷத்தில் நின்றது. தையற்காரம்மா மெஷினை வாசல் அறைக்கு இழுத்து வந்தாள். கையோடு பைலட்டின் ஸ்கூல் ஆடை ஒன்றை வாங்கி, லேபிளைப் பிரித்து, மடிப்பையெல்லாம் தட்டையாக மாற்றித் தைத்தாள். வேன்காரருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

வில்லங்கம் மற்ற மூன்றில்தான். பதினொன்றுக்கு மாத்திரையின் வேகம் இன்னும் இறங்கவில்லை. ஷூவைத் தோல் உரிகிற அளவு தேய்த்தும் தும்மல் வரவில்லை. கேட்டுக்குச் செயலாளர் ஒரு டப்பா எண்ணெய் முழுவதையும் ஊற்றியிருந்தார். சோப்புப் போட்டுக் கழுவினார், மணல் தூவினார், உதைத்துக்கூடப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் ஊரைக் கூட்டிய கேட் வெண்ணெய் மாதிரி நழுவியது. என் தங்கையோ, மூன்று நாள் போனை எடுக்காத அக்காவோடு இனிப் பேச்சுவார்த்தை இல்லை என்று அவள் மாமியார் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள்.

திங்கட்கிழமை ஏழு நாற்பது. படிக்கட்டின் நடுச்சந்து வழியாக எட்டிப் பார்த்தால் மேலேயும் கீழேயும் எல்லாம் தெரியும். பைலட் உச்சிப்படியில் வந்து நின்றாள். பின்னால் அம்மா, கையில் ஸ்கூல் பை. பைலட் ஒரு காதுமூடியைத் தூக்கினாள்.

“அச்” என்றார் பதினொன்று.

“இது இல்ல” என்றாள் பைலட்.

“ஹ…அச்சு” என்றார், கொஞ்சம் நடிப்புச் சேர்த்து. பைலட் உட்கார்ந்துவிட்டாள். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

என் கால் எப்படி ஓடியது என்று எனக்கே தெரியாது. என் வாசலில் கிடந்த மிதியடியைச் சுருட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி, அதை மனுஷரின் மூக்குக்கு நேராகப் பிடித்து இரண்டு அடி அடித்தேன். என் வீட்டு மிதியடியில் அவ்வளவு தூசி இருக்கிறதே என்று யாரும் கேட்க வேண்டாம். அது எங்கள் வீட்டுக்காரர் கால் துடைக்கிற மிதியடி. பதினொன்றின் முகம் சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. பிறகு வந்தது பாருங்கள். ஒன்று. இரண்டு. பைலட் எழுந்து விரல் விட்டு எண்ணினாள். பத்து விரலும் முடிந்து, பதினொன்றாவதற்கு ஷூவுக்குள் கட்டைவிரலை ஆட்டினாள். பன்னிரண்டாவது கிளம்பிவிட்டது என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. மனுஷர் இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார். அந்தத் தும்மலை அவர் எங்கே அனுப்பினார் என்பது இன்றுவரை தெரியவில்லை. பைலட் முதல் படியில் கால் வைத்தாள்.

நான் மூச்சிரைக்கக் கீழே ஓடி வந்து செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டேன். மேலேயும் கீழேயும் எல்லார் காதும் என் மேல். இருபது வருஷமாகத் தானாக வந்த பேச்சு, அன்று வரமாட்டேன் என்றது. “ம்… தங்கச்சி, நல்லா இருக்கியா? வீட்டில் அனைவரும் நலமா?” என்றேன். அனைவரும் நலமாவாம். கடிதம் எழுதுகிற மாதிரி.

பைலட் என் முன்னால் நின்றுவிட்டாள். என் வாயை உற்றுப் பார்த்தாள்.

“‘சொன்னா நம்ப மாட்ட’. அது முதல்ல” என்றாள்.

அப்போதுதான் தெரிந்தது, நான் தினமும் அப்படித்தான் தொடங்குகிறேன் என்று. என் தங்கைகூட அதைக் கவனித்திருக்க மாட்டாள்.

“சொன்னா நம்ப மாட்ட,” என்றேன், “நம்ம செயலாளர் இல்ல, விடியக்காலையிலேயே கேட் பக்கத்துல முட்டி போட்டு உக்காந்துக்கிட்டு, அதோட காதுல ‘கொஞ்சம் கத்தேன், கொஞ்சம் கத்தேன்’னு கெஞ்சிக்கிட்டு இருந்தார்டீ. அரை டிராயர் வேற. அந்த மனுஷருக்கு அப்படி ஒரு கால் இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல…” மடை திறந்துவிட்டது. கீழ்த்தளத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. பைலட் என்னைத் தாண்டி இறங்கினாள்.

முதல் மாடியில் மெஷின் கடகடவென்று ஓடியது. பழக்கத்தில் கண்ணை மூடியவள், ஒரு கண்ணை மட்டும் திறந்து விளக்கைப் பார்த்தாள். மினுக்கவில்லை. மற்ற கண்ணையும் திறந்தாள்.

கீழே கேட் அருகே செயலாளர். வெளியே வேன். வேன்காரர் தன் கை ஹாரன் பக்கம் தவறிக்கூடப் போய்விடக் கூடாது என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி வைத்திருந்தார், போலீஸில் பிடிபட்டவர் மாதிரி. செயலாளர் கேட்டைத் திறந்தார். ஒரு சத்தம் இல்லை. மூடினார், திறந்தார். ஊஹூம். பைலட் கடைசிப் படியில் நின்றாள். அவளுடைய முழங்கால் மடங்க ஆரம்பித்தது. உட்கார்ந்தால் அவ்வளவுதான்.

செயலாளர் எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். கேட்டை மெதுவாகத் தள்ளியபடி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாயைக் கோணி,

“க்ர்ர்ரீஈஈஈச்ச்” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கேட்டேதான். நடுவில் ஒரு விக்கல், கடைசியில் ஒரு முனகல், எல்லாம் சேர்த்து. பத்தொன்பது வருஷம் அதன் பக்கத்துச் சுவரோடு படுத்தவர் அல்லவா? எனக்குப் பல் கூசிவிட்டது.

பைலட் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை” என்றாள்.

செய்தார். இன்னொரு தடவை கேட்டாள். அதையும் செய்தார். மூன்றாவதில் அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காதுமூடியைச் சரியாக இழுத்து விட்டுக்கொண்டு வேனில் ஏறினாள். வேன் தெருமுனையில் திரும்பும்வரை வேன்காரர் ஒரு கையைத்தான் கீழே இறக்கினார். பைலட்டின் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செயலாளர் அவளிடம், எண்ணெய் போட்டது தன் தவறுதான் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அவள் அவருக்குத் தண்ணீர் கொண்டு வரவா என்று கேட்டாள். மனுஷருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அந்த மாதம் முடிந்து ஸ்கூலில் இடம் உறுதியாகிவிட்டது. கேட் இன்னும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதனால் செயலாளர் தினமும் ஏழு ஐம்பதுக்கு ஆஜர். ஒருநாள் ஜலதோஷத்தில் குரல் மாறிப்போய் மூன்று முறை திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று. புதிய அறிக்கையும் வந்தது. ‘இரண்டாம் மாடி வாசலில் காலைத் தொலைபேசி உரையாடல் கட்டாயம்’ என்று. அதற்கும் இரட்டைக் கோடு. அந்தத் தாளை எங்கள் வீட்டுக்காரர் கண்ணில் படும்படி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். தங்கையும் சமாதானமாகிவிட்டாள். அரை டிராயர் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டுமே.

ஒரே ஒரு மனத்தாங்கல் அந்தப் படம். போன வாரம் போய், முப்பத்திரண்டு பல் என்பது அநியாயம், எனக்கு இருபத்தெட்டுதான், குறைத்துப் போடு கண்ணு என்று பைலட்டிடம் சொன்னேன். அவள் உள்ளே போனாள். அம்மாவின் மேஜையிலிருந்து பல் டாக்டரின் குட்டிக் கண்ணாடியை எடுத்து வந்து, வாயைத் திற என்று சைகை காட்டினாள். திறந்தேன். நிதானமாக எண்ணினாள். இரண்டு தடவை. பிறகு போய்ப் பழைய வாயை அழித்துவிட்டு, புதிதாக வரைந்தாள்.

இருபத்தாறு.

பின்பக்கத்தில் இரண்டு போனதை நான் எங்கள் வீட்டுக்காரருக்கே சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது நான்காம் மாடிக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சர்க்கரை கடன் கேட்கிற சாக்கில் தையற்காரம்மாகூட நேற்றுப் போய் வந்தாளாம். இந்தக் கட்டடத்தில் எந்த விஷயமும் நிற்பதில்லை.